சாட்டி மணலில் எடுத்த அளவு

சுருவில்,
19.05.2022

அன்புள்ள கேதீஸ்வரி அக்காவுக்கு,

ஐயாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மகள் நிலாந்தியும் அப்படியே இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை போனில் கதைத்துவிட்டு இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். ஐயாவுக்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைக்கிறோம். நான் கேட்கப்போவது ஐயாவுக்கும் கேட்கக் கூடாது, வேலிக்கு அந்தப் பக்கத்துக்கும் கேட்கக் கூடாது.

இங்கே பெற்றோல் இல்லை. காலை பஸ் நின்றுபோய்விட்டது. என்னோடு வேலை செய்கிற துஷாந்தினியின் ஸ்கூட்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். அதுவும் இப்போது அவள் வீட்டு விறாந்தையில் சும்மா நிற்கிறது, அவளும் சைக்கிளுக்கு மாறிவிட்டாள். ஆகவே பின்னறையில் கிடந்த பொம்பிளைச் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். சுருவிலில் இருந்து புங்குடுதீவுக்கு, அந்த நீண்ட பாலத்தால், சோளகக் காற்றுக்கு எதிராக. இந்த வயதில் கால் நோகும் என்றுதான் பயந்தேன். கால் நோகவில்லை.

எங்கே நோகிறது என்று எழுதப் பேனை தயங்குகிறது. சீற்றில் இருக்கிற இடம். அதிலும் முன்பக்கம். பாலத்தின் பாதியில் மரத்துப் போகிறது, அலுவலகம் போய் இறங்கினால் எரிகிறது. சலம் கழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. சீற்றின் மேல் ஸ்பொஞ்ச் வைத்துக் கட்டினேன், கூடியது. தலையணை உறைக்குள் பஞ்சு வைத்தேன், இன்னும் கூடியது. சைக்கிள் கடைக் குருசுமுத்து அண்ணையிடம் "சீற் சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். வேறென்ன சொல்ல? அவர் "முன்னுக்கு வழுக்குது போல" என்று சீற்றின் மூக்கை மேலே தூக்கிப் பூட்டிவிட்டார். அன்று வீடு வரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

பொறுப்பதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் போன கிழமை கூப்பிட்டு, "கோசலா, வரேலாட்டிச் சொல்லும். பஸ் ஓடுற இடமாப் பாத்து மாத்தி விடுறன்" என்றார். பஸ் ஓடுகிற இடம் என்றால் தீவுக்கு வெளியே. ஐயா இந்த வளவை விட்டு வரமாட்டார். மகள் நானும் போய்விட்டால் அவரை ஆர் பார்ப்பது?

நீங்கள் இருக்கிற அந்த நாட்டில் பெண்கள் கிழவியாகும் வரை சைக்கிள் ஓடுவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அவர்கள் சீற்றில் எப்படி இருக்கிறார்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
கோசலா


ஊத்ரெக்ட்,
16.06.2022

என்ர தங்கச்சி கோசலாவுக்கு,

உன்ர கடிதம் கிடைச்சுது. சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. இங்க நாங்கள் நல்ல சுகம். என்ர எழுத்துக் கோணலா இருந்தால் குறை நினையாதை, பேனை சரியில்லை.

முதல்ல அந்த ஸ்பொஞ்சைக் கழட்டி எறி. மெத்தை கூடினால் நோ கூடும். பஞ்சுக்குள்ள நீ புதைய, பஞ்சு உன்ர மெல்லிய இடத்தை அமத்தும். நாங்கள் இருக்கிறது ரெண்டு எலும்பில. பாரம் முழுக்க அந்த ரெண்டிலயும்தான் நிக்க வேணும். பொம்பிளையளுக்கு அந்த எலும்பு ரெண்டும் ஆம்பிளையளை விட அகண்டு இருக்கும். உன்ர சீற் ஒடுக்கம். அப்ப எலும்பு வெளியால தொங்க, நடுவில உள்ளது நசியுது. இதுதான் விசயம், வெக்கப்பட ஒண்டும் இல்லை.

மூக்கை மட்டமாப் பூட்டு, ஒரு நூல் கீழ இருந்தாலும் பரவாயில்லை. ஹாண்டிலை உயத்து. குனிஞ்சு ஓடினால் பாரம் முன்னுக்கு வரும். நிமிந்து, கதிரையில இருக்கிற மாதிரி இரு. சீற்றையும் கொஞ்சம் உயத்து. நீ ரெண்டு காலும் நிலத்தில முட்டுற மாதிரி வைச்சிருப்பாய், எனக்குத் தெரியும், ஊரில எல்லாரும் அப்பிடித்தான். அப்ப கால் ஒரு பாரமும் தாங்காது. சாறிக் கொசுவத்தையும் பாவாடை முடிச்சையும் கீழ அகப்படாமல் ஒரு பக்கத்துக்கு எடு.

இங்க சைக்கிள் கடையில காட்போட் மட்டையில இருத்தி, பதியிற ரெண்டு குழிக்கும் இடையில அளப்பினம். நீயும் அளந்து அனுப்பு. அதுக்கேத்த சீற் நான் பாக்கிறன்.

நான் வேலைக்குப் போற வழியில ஒரு கால்வாய்ப் பாலம் இருந்துது. அதில ஏறேக்க ஒவ்வொரு நாளும் உன்ர பாலத்தை நினைக்கிறனான்.

ஐயாவிட்டைச் சொல்லு, முகம் பாத்துக் கதைக்கப் போன் கமரா இன்னும் திருத்தேல்லை எண்டு.

அக்கா


சுருவில்,
10.07.2022

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆறுதல். ஐயாவுக்கு இருமல் குறைவு.

நீங்கள் எழுதியதைத் துஷாந்தினிக்கு மெதுவாகச் சொன்னேன். அவள் கிருசாந்தியைக் கூப்பிட்டாள். அவளும் எங்கள் அலுவலகம்தான், வேலணையில் இருந்து சைக்கிள் ஓடுகிறாள். மூன்று பேருக்கும் ஒரே நோவு! இரண்டு மாதமாக ஒரே அறையில் இருந்து ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

காட்போட் மட்டை சரிவரவில்லை. சனிக்கிழமை மூன்று பேரும் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். காற்றுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். அலை போய் இறுகிக் கிடந்த மணலில் வரிசையாக இருந்து எழும்பினோம்.

"ஆரும் வந்து கேட்டால் என்ன சொல்லுறது அக்கா?" என்றாள் துஷாந்தினி.

"கடலரிப்புக்கு அளவெடுக்கிறம் எண்டு சொல்லும்" என்றாள் கிருசாந்தி. அவள் கொஞ்சம் பருமன். தன் குழியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு நண்டு குடும்பம் நடத்தலாமடி" என்றாள்.

வலையோடு போன ஒருவர் நின்றார். "என்ன பிள்ளையள், ஏதும் துலைஞ்சு போச்சோ?"

"ஓம் அண்ணை, எலும்பு" என்றாள் துஷாந்தினி. அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவ்வளவு சிரித்து எத்தனை காலம் என்று பிறகுதான் யோசித்தேன்.

அளவுநாடா கொண்டுபோக மறந்துவிட்டோம். அங்கே கிடந்த தென்னங்கிடுகில் ஈர்க்கு உருவி, குழிக்குக் குழி வைத்து முறித்தோம். மூன்றையும் இதற்குள் வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது என்னுடையது. நீலம் துஷாந்தினி, கறுப்பு கிருசாந்தி.

மூக்கை மட்டமாக்கினேன், சீற்றையும் உயர்த்தினேன். முதல் நாள் இறங்கத் தெரியாமல் ஒரு பூவரசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாண்டில் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. குருசுமுத்து அண்ணை எண்ணெய் விட்டு, அடித்து, கடைசியில் "ஏலாது பிள்ளை, உடைஞ்சு போம்" என்றார். ஆகவே இன்னும் குனிந்துதான் ஓடுகிறேன். நோ கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான்.

அக்கா, பாலம் "இருந்துது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை மாறிவிட்டீர்களா?

கோசலா


ஊத்ரெக்ட்,
24.08.2022

அன்பின் கோசலா,

நாங்கள் சுகம். கை உளையிறபடியால் கொம்பியூற்றரில அடிக்கிறன். ஒரு விரலால எண்டபடியால் சுருக்கமா எழுதுறன்.

ஈர்க்குக் கதை நிலாந்திக்கு வாசிச்சுக் காட்டினன். அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். உன்ர ஈர்க்கை என்ர சீற்றில வைச்சுப் பாத்தன். கச்சிதம். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. அம்மான்ர அளவா இருக்கும். அப்ப தேடத் தேவையில்லை, என்ர மாதிரியே ஒண்டு உனக்கு அனுப்புறன். தோல் சீற். முதல் கல்லு மாதிரி இருக்கும், போகப்போக உன்ர எலும்புக்குப் பதிஞ்சு தரும்.

ஒண்டு கவனம். ஒரே இடத்தில ஒரே மாதிரி இருக்காதை. தோலுக்கு ரத்தம் போகாமல் விட்டால் அது செத்துப்போம். முதல் சிவக்கும். விரலால அமத்திப்பார், வெள்ளையா மாறாட்டில் ஆபத்து. பிறகு வெடிக்கும், வெடிச்சால் ஆறக் கன நாள் எடுக்கும். அடிக்கடி பாரத்தை ஒரு பக்கத்தால மற்றப் பக்கத்துக்கு மாத்து. மாத்த ஏலாட்டில் ஆரையும் மாத்திவிடச் சொல்லு.

அக்கா


சுருவில்,
18.09.2022

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதுகிறேன், கடிதம் அப்படித்தானே தொடங்க வேண்டும்.

நீங்கள் சொன்னது போலச் சிவந்து, பிறகு வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் சின்னப் பெடியன், உத்தியோகத்துக்கு முன் என்னிடம் ரியூசன் படித்த பிள்ளைகளின் வயதிருக்கும். "என்ன செய்யுது அம்மா?" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரி நோகுது என்றேன். நாரிக்குக் குளிசை தந்தார். பல்கலைக்கழகம் போய்ப் படித்து, கிராமத்துப் பெண்களைக் கூட்டி வைத்து, வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள் என்று சொல்லுகிற உத்தியோகத்தர் நான்.

துஷாந்தினிக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. இப்போது பெற்றோல் அளந்து தருகிறார்கள், கிருசாந்தி புருசனின் மோட்டார் சைக்கிளில் வருகிறாள். காலை பஸ் நின்றது நின்றதுதான். பாலத்தில் சைக்கிளோடு இப்போது நான் மட்டும். சாறிக்கு உள்ளே பழைய துணி மடித்து வைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். "ஆரையும் மாத்திவிடச் சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். சைக்கிளில் போகிறவளை ஆர் மாற்றிவிடுவது? நான் அந்த வரியைப் பல தரம் வாசித்தேன். போன முறை கேட்டதற்கும் பதில் இல்லை.

ஐயா உங்கள் முகம் பார்க்க வேண்டும் என்கிறார். கமரா திருத்த அந்த நாட்டில் ஆள் இல்லையோ என்கிறார்.

கோசலா


சுருவில்,
30.10.2022

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. தபால் பிந்தியிருக்கலாம், அல்லது உங்களுக்கு நேரமில்லாமல் இருக்கலாம். இப்படி நினைத்து நினைத்து ஐப்பசியும் வந்துவிட்டது. காற்றுத் திரும்பிவிட்டது. இப்போது வரும்போது எதிர்க்காற்று, அதோடு மழை.

மூன்று முறை போன் எடுத்தேன். மூன்று முறையும் நிலாந்தி, "அம்மா வேலை, சின்னம்மா" என்றாள். கடைசி முறை ஞாயிற்றுக்கிழமை. பின்னால் ஏதோ மெசின் மூச்சு விடுவது போலச் சத்தம் கேட்டது.

என் விசயம் இதுதான். ஒரு கிழமை லீவு எடுத்தேன், புண் ஆறியது. திரும்ப ஓடினேன், திரும்ப வெடித்தது. இந்த மாதம் எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பொறுப்பதிகாரி, "நானும் எவ்வளவு நாளைக்குச் சமாளிக்கிறது?" என்றார். அவரில் பிழையில்லை. வருசம் முடியும் வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் ஒழுங்காக வரத் தொடங்காவிட்டால் தைமாதம் கிளிநொச்சி.

உங்கள் சீற் வந்தால் ஓடிவிடலாம் என்றுதான் நாளை எண்ணுகிறேன். ஆனால் அதைவிட இதற்குப் பதில் வேண்டும். அக்கா, நீங்கள் இப்போதும் சைக்கிள் ஓடுகிறீர்களா?

கோசலா


ஊத்ரெக்ட்,
27.11.2022

என்ர கோசலா,

கை சுளுக்கிப் போட்டுது. நான் சொல்லச் சொல்ல நிலாந்தி எழுதுறாள். தமிழ்ப் பள்ளிக்கூடம் போனது இப்பதான் உதவுது. பிழை இருந்தால் அவளைத்தான் பேச வேணும்.

சீற் அனுப்பியாச்சு. புதுசு. கப்பலில வரும், பொறுத்துக்கொள்.

ஓம், ஓடுறன். என்ன கேள்வி இது? நேற்றும் ஓடினனான். வேலையால வரேக்க இருட்டுப்பட்டிட்டுது, கால்வாய்க் கரையில லைற் எல்லாம் தண்ணிக்குள்ள நீளமா விழுந்திருந்துது. பின்காத்து. பெடலை மிதிக்கவே தேவையில்லை, அது தானாகக் கொண்டுபோகுது. பாலத்தில ஏறி, அங்கால இறங்கேக்க காலை ரெண்டையும் தூக்கி வைச்சிருந்தன், சின்னப் பிள்ளை மாதிரி. வீட்டு வாசலுக்கு வந்தும் இறங்க மனமில்லை. இன்னும் ஒருக்கால் சுத்திப்போட்டு வந்தன்.

சீற் வந்த உடன பூட்டு. பூட்டி, பாலத்தால ஓடிப்போட்டு, நோகுதோ எண்டு எனக்கு எழுது. கட்டாயம் எழுது.

ஐயாவைக் கவனமாப் பார்.

அக்கா


ஊத்ரெக்ட்,
28.11.2022

அன்பான சின்னம்மாவுக்கு,

நான் நிலாந்தி. நேற்று எழுதிய கடிதத்தோடு இதை வைக்க முடியாது. அதனால் தனியாக அனுப்புகிறேன். என் தமிழை மன்னியுங்கள்.

அம்மா சைக்கிள் ஓடவில்லை. போன வருசம் செப்ரெம்பரில் பாலத்தில் விழுந்தார். கால் சொன்னதைக் கேட்கவில்லை என்றார். பிறகு டொக்டர்கள் பார்த்தார்கள். இது நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வருத்தம். மருந்து இல்லை. முதலில் கால் போனது. இப்போது கையும் போய்விட்டது. அம்மா சக்கரக் கதிரையில் இருக்கிறார். இரவில் மூச்சுக்கு மெசின். நீங்கள் போனில் கேட்டது அதுதான். அம்மா கதைத்தால் இப்போது எனக்கு மட்டும்தான் விளங்கும். கொஞ்ச நாளில் எனக்கும் விளங்காது என்று டொக்டர் சொன்னார். நேற்றைய கடிதத்தைச் சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது.

சீற் புதிது இல்லை. அம்மாவின் சைக்கிளில் இருந்து நான் கழற்றினேன். உங்கள் ஈர்க்கு வந்த அன்று, சீற்றைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் ஈர்க்கை வைத்துக் காட்டினேன். சரியாக இருந்தது. அம்மா கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் அதைத் துடைத்து, மெழுகு பூசி, பொலித்தீனில் சுற்றினேன். ஆனால் பார்த்தால் தெரியும்.

நான் சொன்னதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கும் தாத்தாவுக்கும் சொல்லக் கூடாது என்கிறார். தெரிந்தால் தாத்தாவை விட்டு நீங்கள் வந்துவிடுவீர்களாம். நீங்கள் மணலில் அளவெடுத்த கடிதத்தை அம்மாவுக்கு எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. சின்னம்மா, தயவுசெய்து சைக்கிளைப் பற்றியே எழுதுங்கள்.

நிலாந்தி


சுருவில்,
05.02.2023

அன்பு மகள் நிலாந்திக்கு,

உன் தமிழில் பிழை இல்லை. ஒரு பிழையாவது இருந்திருக்கலாம், நான் வேறு மாதிரி விளங்கிக்கொண்டிருப்பேன்.

உன் கடிதம் மார்கழியில் வந்தது. சைக்கிளைப் பற்றி எழுதச் சீற் வரட்டும் என்று இருந்தேன். சீற் போன புதன்கிழமை வந்ததாம். நான் வெள்ளி இரவுதான் பார்த்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், தை பிறந்ததும் எனக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்துவிட்டது. அங்கே ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறேன். கிழமை நாளில் ஐயாவுக்குப் பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுக்கிறார்கள். வெள்ளிக்கு வெள்ளி வருகிறேன். வரும்போதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கிறார். சைக்கிளுக்கு இனி வேலை இல்லை. சீற் ஒரு மாதம் பிந்திவிட்டது, பிள்ளை. அதை அம்மாவுக்குச் சொல்லாதே.

ஐயாதான் பார்சலை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். அவருக்கு இப்போது கண்ணும் மட்டம்.

"புதுச் சீற்றோ?"

"ஓம் ஐயா. அக்கா அனுப்பினவ."

"பொலித்தீனைக் கழட்டாதை பிள்ளை, ஊத்தையாப் போம். அவள் இப்பவும் ஓடுறாளோ?"

"ஓம் ஐயா."

பின்னறைக்குக் கொண்டுபோய்க் கழற்றினேன். தோலில் இரண்டு பள்ளம். ஒரு ஈர்க்கு முறித்து வைத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை, ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

இதற்குள் அம்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் நேற்றுப் பாலத்தால் ஓடியது உண்மை, புதுச் சீற் என்பதும் வேலைக்குப் போனேன் என்பதும் உண்மை இல்லை. அப்படியே வாசித்துக் காட்டு. விளங்கிக்கொள்கிற நேரமாகப் பார்த்து வாசி.

சின்னம்மா


சுருவில்,
05.02.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் கைச் சுளுக்கு மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நிலாந்தியின் எழுத்து உங்களுடையதை விட வடிவு.

புதுச் சீற் வந்து சேர்ந்தது. என்ன பளபளப்பு! ஐயா பொலித்தீனைக் கழற்ற விடமாட்டேன் என்று நின்றார். குருசுமுத்து அண்ணை சீற்றை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கட ஆயுளுக்கும் போகும்" என்றார். மூக்கை மேலே தூக்கப் பார்த்தார், நான் விடவில்லை. மட்டமாகப் பூட்டுவித்தேன்.

வழமை போல வேலைக்குப் போனேன். வாடைக் காற்று, போகும்போது பின்னால் இருந்து தள்ளியது. நீங்கள் முதல் கல்லுப் போல இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இருக்கவில்லை. ஏறி இருந்த உடனேயே இடம் தந்தது, எனக்கென்று பிடித்து வைத்திருந்த இடம் போல. பாலத்தின் பாதியில் மரத்துப் போகுமே, அந்த இடம் வந்தது. நான் காத்துக்கொண்டு ஓடினேன். மரக்கவில்லை. கடல் இரண்டு பக்கமும் ஆழமில்லாமல் கிடந்தது, வலைத் தடிகளில் கொக்குகள். நோவு இல்லாமல் அந்தப் பாலத்தில் போனால் இவ்வளவையும் பார்க்கலாம் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்து இறக்கத்தில் காலை இரண்டையும் தூக்கிப் பார்த்தேன், நீங்கள் எழுதியது போல. புங்குடுதீவுச் சந்தி வந்தும் இறங்க மனமில்லை. திருப்பிக்கொண்டு இன்னும் ஒருமுறை பாலத்தின் பாதி வரை வந்தேன். அலுவலகத்துக்குப் பிந்திவிட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நோகுதோ என்று கட்டாயம் எழுதச் சொன்னீர்கள்.

நோகேல்லை அக்கா. கொஞ்சமும் நோகேல்லை.

உங்கள் தங்கச்சி,
கோசலா